முத்திரையில் இல்லாத எண்

2006 நவம்பர் 16, வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேப் அறையில் இருந்தவர்கள்: ஜன்னலோரம், நோயாளிகள் உட்காரும் முக்காலியில், டாக்டர் சுரேஷ்குமார். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். அவருக்கு எதிரே, வழக்கமாக அவர் வந்தால் நான் எழுந்து கொடுக்கும் நாற்காலியில், லேப் டெக்னீஷியனான நான், பரிமளா. கதவருகே பெஞ்சில் முதலில் ஜீப் டிரைவர் சாமிதுரை அண்ணன், அடுத்து நர்ஸ் மலர்க்கொடி அக்கா, கடைசியில் கூட்டிப் பெருக்கும் காத்தாயி. இன்னொருத்தி அங்கே இல்லை. அவளுடைய ரத்தம் மட்டும் மேஜைமேல் ஸ்டாண்டில், ஒரு குழாயில் இருந்தது. குழாயில் நான் ஒட்டியிருந்த பெயர் சிவரஞ்சனி.

பெஞ்சில் இருந்த மூவருக்கும் டாக்டருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. நால்வரும் அந்தப் புரட்டாசியில் முடக்குக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள். பேப்பரில் அதற்கு சிக்குன்குனியா என்று பெயர். மூன்று நாள் காய்ச்சல், பிறகு மூன்று மாதம் மூட்டு வலி. ஊரில் பாதிப்பேர் கூனிக்கூனி நடந்தார்கள்.

"ஏன் சார், எங்களுக்குன்னா கண்ண மூடிக்கிட்டு ஊசி எழுதறீங்க. உங்களுக்குன்னதும் மூஞ்சி இப்படிப் போவுதே" என்றார் சாமிதுரை அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே, அவுரு பயந்துருவாரு" என்றாள் மலர்க்கொடி அக்கா.

"எங்கிட்ட எடுக்க என்னம்மா இருக்கு? இருந்த ரத்தத்தயெல்லாம் அந்தக் காச்ச குடிச்சிட்டுப் போயிருச்சு" என்றது காத்தாயி, கையை நீட்டிக்கொண்டே.

டாக்டர் சிரிக்கவில்லை. "குத்துங்க பரிமளா" என்றார்.

அவர் கையில் நான் ஊசி குத்த வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். வரும் எல்லோருக்கும் மற்ற சோதனைகளோடு வி.டி.ஆர்.எல். என்ற சோதனையும் செய்வோம். உடலுறவால் தொற்றும் மேகநோய், அதாவது சிபிலிஸ், இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தாய்க்கு இருந்தால் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் யாரையும் விடக்கூடாது. முடிவை எழுத என்னிடம் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செய்து வாங்கியவை. 'நான்-ரியாக்டிவ்' என்ற முத்திரை தேய்ந்து தேய்ந்து மூன்றாவது முறை மாற்றியது. 'ரியாக்டிவ்' என்பது வாங்கின மாதிரியே இருந்தது. முந்தைய வருஷம் முழுக்க அதை ஒரே ஒரு முறைதான் எடுத்தேன்.

அக்டோபர் 17 அன்று சிவரஞ்சனியின் சீட்டிலும் கர்ப்பிணி அட்டையிலும் அதைக் குத்தினேன். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம்.

இங்கே என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரத்தம் ரியாக்டிவ் என்று வந்தால், அதை உப்புநீர் விட்டு இரண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துப்போகச் செய்து, எதுவரைக்கும் அந்தப் பதில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். சிவரஞ்சனியின் ரத்தத்தில் அது இரண்டு மடங்கைத் தாண்டவில்லை. 'ஒன்றுக்கு இரண்டு' என்று என் ரிஜிஸ்தரில் சிவப்பு மையில் எழுதினேன். சீட்டில் எழுதவில்லை. சீட்டில் அதற்குக் கட்டமும் இல்லை. நான்கு வருஷத்தில் எந்த டாக்டரும் அந்த எண்ணைக் கேட்டதில்லை. முத்திரையைக் குத்தினேன், சீட்டு டாக்டர் மேஜைக்குப் போனது.

டாக்டர் சுரேஷ்குமார் அந்த ஜூனில்தான் வந்திருந்தார். சேலத்துக்காரர், படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் வேலை. நோயாளிகளை வாங்க போங்க என்றுதான் பேசுவார். சீட்டைப் பார்த்தார். புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் செய்தார். பென்சிலின் ஊசி போட்டார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கணவரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். கணவர் தர்மராஜ் சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். ஜூன் கடைசியில்தான் விடுப்பு முடிந்து திரும்பியவர். ஆகவே டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், ஆங்கிலத்தில். சிவரஞ்சனி அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

அதன்பின் நடந்தது எனக்கு நவம்பர் 14 அன்றுதான் தெரியும். அதுவும் செவ்வாய்க்கிழமை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு சிவரஞ்சனி லேப் வாசலில் வந்து நின்றாள். கையில் கர்ப்பிணி அட்டை.

"அக்கா, இந்த சீல அழிக்க முடியுங்களா?"

"எதுக்கும்மா?"

"பிளேடால சொரண்டிப் பாத்தேன். அட்டை கிழிஞ்சிருச்சு. பேறுகாலத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கயும் இதத்தானே பாப்பாங்க. பொறக்கற புள்ளைக்கு இதுதான் மொத அடையாளமாப் போயிருமில்ல?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். முத்திரையின் முதல் இரண்டு எழுத்துகள் இருந்த இடத்தில் அட்டை பஞ்சுபோல எழும்பியிருந்தது. உட்காரச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தர்மராஜுக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே அவர் தங்கும் அறையில் பத்துப் பேர். ரஞ்சன்குடிக்காரர் ஒருவர் காலேஜ் படித்தவர், அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து நல்ல சேதி என்று நினைத்து, எல்லோரும் இருக்கும்போதே. அவர் உரக்கப் படித்துவிட்டார். பத்து நாளில் அந்தச் சேதி கடல் தாண்டி மாமியார் வீரம்மாள் காதுக்கு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம தவறாம எதுத்த வூட்டு போனுக்குப் பேசுவாருங்க. தீவாளிக்குக் கூடப் பேசுனாரு. கடுதாசி போயிச் சேந்ததுலேர்ந்து மூணு ஞாயிறா போனே இல்ல. நான் போயி போனு பக்கத்துல குந்திக்கிட்டு இருப்பேன். அந்தக்கா டி.வி.யப் போட்டு வுட்டுரும், நான் அழுவறது கேக்காம."

வாசலிலிருந்து வீரம்மாளின் குரல் வந்தது. "என்னாடி அங்க? சீலு குத்துனவகிட்டயே போயி மொறையிட்டா ஆயிருச்சா? எம்புள்ள அங்க வெயில்ல காயறான், இவ இங்க அவன் பேரச் சந்தி சிரிக்க வச்சிட்டு நிக்கறா."

 எழுந்திருக்க முயன்ற சிவரஞ்சனி முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"முட்டி வலியா?"

"முடக்குக் காச்ச வந்துச்சுங்கல்ல. புரட்டாசி மொத சனிக்கெழம படுத்தது. இன்னும் வுடல."

எனக்கு எதுவோ உறுத்தியது. அவளிடம் இன்னொரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினேன். பிறகு ரிஜிஸ்தரைத் திறந்து விரலை வைத்துக் கீழே இறங்கினேன். அக்டோபர் 17 முதல் அன்றுவரை ஐந்து செவ்வாய்களில் முப்பத்தெட்டுக் கர்ப்பிணிகள். ரியாக்டிவ் நான்கு. வருஷத்துக்கு ஒன்று வரும் இடத்தில் நான்கு. நான்குக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் அதே எண், ஒன்றுக்கு இரண்டு. நோய் உண்மையாக இருந்தால் எண் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக வரும். நால்வரும் காய்ச்சல் அடித்த தெருக்காரர்கள். அதில் ஒருத்தியின் கணவர் ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை ஏற்றுபவர். அவரை வரவழைத்துச் சோதித்தோம், அவருக்கு ஒன்றும் இல்லை. 'அப்போ உனக்கு மட்டும் எங்கிருந்துடி வந்தது' என்று கேட்டவர், அன்றிலிருந்து அவள் கையால் சாப்பிடுவதில்லை என்று மலர்க்கொடி அக்கா சொல்லியிருந்தாள். எல்லாம் என் கையெழுத்தில் என் கண்முன்னேதான் இருந்திருக்கிறது. வரிசை வரிசையாக எழுதினேனே தவிர, மேலிருந்து கீழாக ஒருநாளும் படிக்கவில்லை.

ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த நாலு பேருக்கும் அந்த நோய் இல்லன்னு எனக்குத் தோணுது."

"ரியாக்டிவ்னு நீங்கதானே சீல் வச்சீங்க?"

"வச்சேன் சார்."

"பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தானேங்க?"

எண்ணைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "இது ஏன் ரிப்போர்ட்ல இல்ல?"

"கட்டம் இல்ல சார். அப்புறம், எங்களுக்கு டிப்ளமாவுல சொல்லிக்குடுத்தது ஒண்ணுதான். நீ கண்டத எழுது, கருத்து சொல்லாதே, அது டாக்டர் வேலைன்னு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "வி.டி.ஆர்.எல். தவறாகப் பாசிட்டிவ் வரும் காரணங்கள் ஐந்து எழுதுக. ரெண்டாவது வருஷப் பரீட்சை, ரெண்டரை மார்க். கர்ப்பம். மலேரியா. தொழுநோய். வைரஸ் காய்ச்..."

நாலாவதில் நின்றுவிட்டார். 

"முழு மார்க் வாங்கினேன் பரிமளா" என்றார். "அதோட சரி. அதுக்கப்புறம் வார்டுக்குப் போயிட்டோம். ரத்தத்த எடுப்போம், அட்டெண்டர் கொண்டு போவாரு, சாயங்காலம் ரிப்போர்ட் வரும், அடுத்த கட்டிலுக்கு நகருவோம். அந்த ரிப்போர்ட்டு எந்த ரூம்லேர்ந்து வருதுன்னு கூட எனக்குத் தெரியாது. அதைச் சந்தேகப்படணும்னு ஒருத்தரும் சொல்லல. இந்த டெஸ்ட்ட எப்படிப் பண்ணுவீங்கன்னு நான் பாத்ததே இல்ல."

"எனக்கு எப்படிப் பண்றதுன்னு மட்டுந்தான் சார் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சல் வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். எனக்குப் பண்ணிக் காட்டுங்க" என்றார்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

நான்கு பேர் ரத்தமும் எடுத்து, தெளிவு நீரைப் பிரித்து, அரைமணி சூடு காட்டி, குழிக் கண்ணாடியில் சொட்டு வைத்தேன். ஒவ்வொரு குழியிலும் மருந்து ஒரு துளி. அதைச் சுழற்றும் இயந்திரம் ஆடியிலிருந்து ரிப்பேர். ஆகவே கையால்தான். மேஜைமேல் கண்ணாடியை வைத்து, இரண்டு விரலால் வட்டமாக, நிற்காமல் நாலு நிமிஷம். டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் விரலையே பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் சுத்தறீங்களா?"

"செவ்வாய்க்கெழம மட்டும் சார். பத்துப் பேருன்னா ராத்திரி தோசை திருப்ப வராது."

மைக்ராஸ்கோப்பில் அவரையே பார்க்கச் சொன்னேன். முதல் குழி சாமிதுரை அண்ணனுடையது. "மெல்லிசாத் தூள் தூளா, ஒரே சீரா இருக்கு" என்றார். அதுதான் நான்-ரியாக்டிவ் என்றேன். மலர்க்கொடி அக்காவும் அப்படியே, காத்தாயியும் அப்படியே. நாலாவது குழியில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை.

"இது திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா இருக்கே. இது சிவரஞ்சனியோடதா?"

"அவங்களுது அஞ்சாவது குழி சார். அதுவும் இப்படித்தான் இருக்கும். நாலாவது உங்களுது."

 சாமிதுரை அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நல்லவேள சார், எனக்கு வரல. வந்திருந்தா எங்க வூட்ல ஒலக்கையத் தூக்கியிருக்கும்." மலர்க்கொடி அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். டாக்டருக்கு வருகிற தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

நீர்க்கச் செய்து பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டு.

"எனக்கு அந்த நோய் வர வழியே இல்ல பரிமளா."

"தெரியும் சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களும் அதத்தானே என்கிட்ட சொன்னாங்க. நான் நம்பலியே." கையை நீட்டினார். "ஒரு சீட்டு எடுத்து என் பேர எழுதுங்க. அவங்களுக்குக் குத்தற மாதிரியே குத்துங்க."

குத்திக் கொடுத்தேன். சுரேஷ்குமார், வயது 26, ரியாக்டிவ். மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதக் கையில வச்சிக்கிட்டுத்தான் அவங்க அன்னிக்கு பஸ் ஏறிப் போனாங்களா?" என்றார்.

எண் சின்னது என்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை உறுதி செய்ய வேறொரு சோதனை உண்டு. எங்களிடம் கிடையாது, திருச்சிக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலை டாக்டரே மற்ற மூன்று பெண்களின் வீட்டுக்கும் போய், வாசலில் நின்று காரணம் சொல்லி, ரத்தம் எடுத்து வந்தார். சோடாக் கடையில் வாங்கிய ஐஸைப் போட்ட பிளாஸ்கில் ஐந்து குழாய்களையும் வைத்து மூடினேன். சாமிதுரை அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். வழியில் ஒருவர் காபியா என்று கேட்டாராம், ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளில் டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை, தினமும் தபால் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். நடுவில் ஒரு ஞாயிறும் போனது. சிவரஞ்சனிக்கு அது நாலாவது.

நவம்பர் 25, சனிக்கிழமை முடிவு வந்தது. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் இல்லை.

28, செவ்வாய்க்கிழமை. மற்ற மூன்று பெண்களின் வீட்டாரிடமும் சொல்லி அனுப்பிய பிறகு, சிவரஞ்சனியோடு வீரம்மாளையும் உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டோம். டாக்டர் நின்றுகொண்டே பேசினார். "அம்மா, உங்க மருமகளுக்கு எந்த நோயும் இல்ல. உங்க மகனுக்கும் இருக்கறதுக்கு வழியில்ல. முடக்குக் காய்ச்சல் பண்ணின கோளாறு இது. ஊசி போட்டதால கெடுதல் இல்ல, சந்தேகம் இருந்தா போட்டுத்தான் ஆகணும். ஆனா தீர விசாரிக்காம சொன்னேன் பாருங்க, அது என் தப்பு."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தப்பு வருமா?"

"வந்துச்சும்மா. எனக்கே அதே சீலு விழுந்துச்சு, பாருங்க." சீட்டை நீட்டினார்.

வீரம்மாள் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அட கடவுளே, உங்களுக்கும் அந்த நோயா? கல்யாணங்கட்டப் போற புள்ள!"

"இல்லம்மா, அதத்தான் சொல்றேன்..."

மலர்க்கொடி அக்கா இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் வீரம்மாள் வெகு நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். "காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல இவ. இந்தா, தின்னு." சிவரஞ்சனி வாங்கிக்கொண்டாள். உரிக்கக் கை வராமல் வைத்திருந்தாள். வீரம்மாளே பிடுங்கி உரித்துக் கொடுத்தார்.

அதன்பின் கடிதம். டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இந்த முறை தமிழில். வரிகளுக்கு எண் போட்டேன், எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

'அன்புள்ள திரு. தர்மராஜ் அவர்களுக்கு, 1. அக்டோபர் 17-இல் நான் எழுதிய கடிதம் தவறானது. உங்கள் மனைவிக்கு அந்த நோய் இல்லை. உங்களுக்கு இருப்பதாக நினைக்கவும் காரணம் இல்லை. 2. இங்கே வந்த காய்ச்சலால் பலருடைய ரத்தம் அப்படிப் பதில் சொல்லியிருக்கிறது. என் ரத்தமும் சொன்னது. என் பெயர் போட்ட சீட்டையும், திருச்சியில் பார்த்த முடிவுகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். 3. முதல் கடிதத்தை உங்கள் அறையில் எல்லோர் முன்னிலையிலும் படித்ததாக அறிந்தேன். இதையும் அதே அறையில், அதே ஆட்கள் இருக்கும்போது, உரக்கப் படியுங்கள். என் சீட்டைக் காட்டுங்கள்.'

"சார், உங்க பேர் அங்க பத்துப் பேர் வாயில விழுமே" என்றேன்.

"விழட்டும். அவங்க பேர் விழுந்துச்சுல்ல."

நாலாவதாக நானே ஒன்று எழுதினேன். 'முத்திரையைக் குத்தியவள் நான். பக்கத்தில் எழுத வேண்டிய எண்ணை எழுதாமல் விட்டேன். பரிமளா, லேப் டெக்னீஷியன்.' அது வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். எழுதியது எழுதியதுதான் என்றேன்.

தாளைச் சிவரஞ்சனியிடம் கொடுத்தோம். பத்தாவது வரை படித்தவள். நிதானமாக மூன்று முறை படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கி, கீழே இருந்த இடத்தில் எழுதினாள்: 'ஏழாம் மாதம் வரப்போகிறது. நன்றாக உதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்தில் இருப்பேன். அத்தையும் வருவார்களாம்.'

அவளுக்குப் புது அட்டை எழுதினேன். அந்தக் கட்டத்தில் முத்திரை வைக்கவில்லை. நடந்ததை எண்ணோடு கையால் எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பிறகு டவுன் பஸ் பிடித்து நானும் சிவரஞ்சனியும் வீரம்மாளும் பெரம்பலூர் பெரிய தபால் ஆபீசுக்குப் போனோம். உறைக்குள் கடிதம், அதன் பின்னால் சீட்டுகள், எல்லாவற்றையும் மூன்றாக மடித்து வைத்தேன். கவுண்டர் பக்கத்தில் டப்பாவில் இருந்த பசையைச் சிவரஞ்சனி விரலால் தொட்டுத் தடவி, மடிப்பை ஒட்டி, உள்ளங்கையால் நாலு தடவை நீவினாள். கவுண்டர் ஊழியர் வாங்கி எடை போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரைக் கட்டையை ஓங்கினார். டப்பென்ற சத்தத்துக்குச் சிவரஞ்சனியின் தோள் ஒருமுறை குலுங்கியது. வீரம்மாள் அந்தத் தோளில் கை வைத்துக்கொண்டார். ஊழியர் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையை வெளிநாட்டுப் பைக்குள் போட்டார்.